ஊறிப்போன பலகை

2022 நவம்பர் 11ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. ஐப்பசி மழை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஒரே இரவில் அவ்வளவு தண்ணீரை எங்கள் தெருப் பெரியவர்களே பார்த்ததில்லை என்றார்கள். சம்பா நட்டு முடித்திருந்த நேரம். வயல் எது, வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியாமல் வெள்ளக்காடாகக் கிடந்தது. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் அறைக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அது வடிந்த பிறகு கதவைத் திறந்தால், கீழ்த்தட்டில் இருந்த கோப்புகள் கூழாகிக் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் சேறு அப்பிப் போய் என் செகுவின் பலகை.

செகுவின் பலகை என்பது பத்துக் குழிகள் வெட்டிய ஒரு மரப்பலகை. வட்டம், சதுரம், சிலுவை, நட்சத்திரம் என்று ஒவ்வொரு குழிக்கும் ஒரு கட்டை. பிள்ளைகளோடு வேலை செய்த எதுவார் செகுவின் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரில் வழங்குவது. கட்டைகளைப் பிள்ளையின் முன்னால் அடுக்கி வைப்போம். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக அதனதன் குழியில் போட வேண்டும். மூன்று முறை செய்யச் சொல்லி, மூன்றில் எது குறைந்த நேரமோ அதை எடுத்துக்கொள்வோம். பேச்சு தேவையில்லை, எழுத்து தேவையில்லை. அழுதுகொண்டே வரும் பிள்ளையும் இந்தப் பலகையைப் பார்த்ததும் கையை நீட்டும்.

துடைத்து, நிழலில் இரண்டு வாரம் காய வைத்தேன். பார்வைக்குப் பழையபடி ஆகிவிட்டது. டிசம்பரில் மறுபடி வேலையைத் தொடங்கினேன். முதல் பிள்ளை மெதுவாகச் செய்தது. இரண்டாவது பிள்ளையும் மெதுவாகத்தான் செய்தது. மூன்றாவதாக வந்த பையன் நட்சத்திரத்தை எடுத்துச் சரியான குழியின் மேல் சரியாக வைத்து அழுத்தினான். உள்ளே போகவில்லை. ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான். தான்தான் தப்பாக வைத்துவிட்டோம் என்று நினைத்து, கட்டையை எடுத்துச் சிலுவைக் குழியில் திணிக்கப் பார்த்தான்.

கையில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டாப் வாட்சை நிறுத்தினேன். பையனை அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்து பத்துக் கட்டையையும் போட்டுப் பார்த்தேன். எனக்கு எப்போதும் 12, 13 நொடி ஆகும். அன்றைக்கு 19 ஆனது. மரம் உள்ளுக்குள் ஊறி உப்பியிருந்தது.

சில நொடிதானே என்று விட்டுவிட முடியாது. அந்த நொடிகளை அட்டவணையில் பார்த்து மன வயது என்று எழுதுவோம். மன வயதிலிருந்து ஓர் எண் வரும், எண்ணிலிருந்து ஒரு சதவீதம், சதவீதத்திலிருந்து ஒரு சான்றிதழ். முந்தின இரண்டு பிள்ளைகளையும் திரும்ப வரச்சொல்லி, வேறு பலகையில் வேறு நாளில் பார்த்தேன். அதோடு மனசு ஆறவில்லை. இது கடலோரத்து ஊர். ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் எங்கள் வீட்டு நிலைக்கதவே இறுகிக்கொண்டு திறக்க மறுக்கும். பலகை மட்டும் இறுகாமல் இருந்திருக்குமா? பதினைந்து வருஷமாக அடைமழை மாதத்தில் வந்த பிள்ளைகளுக்கு நான் எழுதிக் கொடுத்த நொடிகளில் எத்தனை நொடி பிள்ளையுடையது, எத்தனை மரத்துடையது?

என் தொழிலில் ஒரு எண்ணைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கிறது. அந்த எண் 70. 2001இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், நுண்ணறிவு ஈவு 50 முதல் 69 வரை இருந்தால் 50 சதவீதக் குறைபாடு, 70 முதல் 79 வரை இருந்தால் 25 சதவீதம் என்று இருந்தது. 2018 ஜனவரியில் புதிய வழிகாட்டுதல் வந்தது. சதவீதத்தை வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோலின் மதிப்பெண்ணை வைத்துப் போடச் சொன்னார்கள். மற்ற எல்லைகள் கொஞ்சம் அங்குமிங்கும் நகர்ந்தன. 69க்கும் 70க்கும் நடுவே இருந்த கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. இந்தப் பக்கம் 50, அந்தப் பக்கம் 25. சட்டப்படி சலுகைகளுக்கு வேண்டியது 40. ஆக, 69 என்று நான் எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கதவு திறக்கும். 70 என்று எழுதினால் திறக்காது.

69 வாங்கிய பிள்ளையையும் 70 வாங்கிய பிள்ளையையும் பிரித்துச் சொல்லக்கூடிய கருவி உலகத்தில் எங்கேயும் கிடையாது. நான் வைத்திருக்கும் பெட்டியில் நிச்சயமாக இல்லை. இதைத்தான் கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றவள் இல்லை. படிக்கத்தான் செய்தேன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் வகுப்பில் சார்லஸ் ஸ்பியர்மன் பெயர் முதல் பருவத்திலேயே வந்துவிடும். ராணுவ அதிகாரி வேலையை உதறிவிட்டு லைப்சிக் நகரத்துக்குப் போய் உளவியல் படித்த ஆங்கிலேயர் அவர். ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அளந்து பார்த்து 1904இல் கட்டுரை எழுதினார். நாம் எடுக்கும் எந்த அளவும் உண்மையும் பிழையும் கலந்தது என்றும், அந்தப் பிழை எவ்வளவு என்பதையே கணக்குப் போட்டுவிடலாம் என்றும் அவர் வழிதான் எங்களுக்கு வந்தது. சூத்திரத்தை மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதினேன். அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அந்தச் சூத்திரம் என் நினைவுக்கே வரவில்லை.

2009ஆம் வருஷம். ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். கடலோரத்திலிருந்து காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து வந்த ஒன்பது வயதுப் பெண்பிள்ளைக்கு என் மேசைக்கு முன்னால் உட்காரும் முறை வந்தபோது மணி ஒன்றரை. பக்கத்து மண்டபத்தில் கல்யாணம், ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளை, பாதிக் கேள்வியில் கண் சொருகியது. அவளுக்குப் பின்னால் இன்னும் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். 71 வந்தது. 71 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 25 சதவீதம்.

ஒன்பது மாதம் கழித்து அந்தத் தாய் இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்று நான் எழுதியது. இன்னொன்று வேறு ஊரில் வேறொருவர் எழுதியது, அதில் 64. மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ஒரே புள்ளதானே மேடம். இதுல எது சரி?”

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒன்பது மாதத்தில் அவருக்கு வர வேண்டியது எதுவும் வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். அறுவடை முடிந்து அப்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டுக் காவல் இருந்தார். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கப் போன இடத்தில் ஈரப்பதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 17 சதவீதம் வரைக்கும் எடுப்பார்கள். அதற்கு மேல் போனால் திரும்பக் காய வைக்க வேண்டும். கருவியில் ஒரு கை நெல்லைப் போட்டார்கள், 17.4 காட்டியது. அப்பா ஒன்றும் பேசாமல் குவியலின் வேறு பக்கத்திலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொடுத்தார். 16.8. இன்னொரு பிடி, 17.1. “எப்பவும் மூணு தரம் பார்க்கணும்மா. மேல இருக்குறது காஞ்சிருக்கும், அடியில இருக்குறது காயாது. கையில வேர்வை இருந்தாலும் கூடும்” என்றார், நான் கேட்காமலேயே. கருவியைக் குறை சொல்லவில்லை. நெல்லையும் குறை சொல்லவில்லை. ஒரு தரம் பார்த்த எண்ணை மட்டும் நம்பவில்லை.

அன்று இரவு பழைய நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கணக்கு இவ்வளவுதான். ஒரு சோதனையின் நம்பகத்தன்மை 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எண்ணாகச் சொல்லப்படும். அதை 1லிருந்து கழித்து, மிச்சத்துக்கு வர்க்கமூலம் எடுத்து, மதிப்பெண்களின் திட்டவிலக்கத்தால், அதாவது 15ஆல், பெருக்கினால் அளவீட்டின் திட்டப்பிழை கிடைக்கும். நம்பகத்தன்மை 0.96 என்றால் பிழை 3. 0.84 என்றால் 6. 0.75 என்றால் ஏழரை. 0.84 என்பதைப் பாடப்புத்தகங்கள் நல்ல நம்பகத்தன்மை என்றே சொல்லும். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிழை 6 என்றால், பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணுக்கு மேலே 12, கீழே 12 விட்டால்தான் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தரம் உண்மை அதற்குள் இருக்கும். 71 வாங்கிய பிள்ளை 59 ஆகவும் இருக்கலாம், 83 ஆகவும் இருக்கலாம்.

இரண்டு தாளுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் 7. இரண்டு மதிப்பெண்களை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது இரண்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றிலும் 5 என்று வைத்தாலே வித்தியாசத்தின் திட்டப்பிழை 7 ஆகிவிடுகிறது. அதாவது அந்தப் பிள்ளையிடம் ஒன்பது மாதத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே 71உம் 64உம் வருவது வெகு சாதாரணம். இரண்டு தாளும் ஒன்றையேதான் சொல்கின்றன. அரசாங்கத்தின் கோடு அவற்றுக்கு நடுவே ஓடுவதால்தான் அவை சண்டை போடுவதுபோலத் தெரிகின்றன.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. பிழை கலந்த அளவு எப்போதும் ஓரத்துக்குத் தள்ளும். மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களில் அன்றைக்கு நேரம் சரியில்லாதவர்கள் அதிகம் இருப்பார்கள். மறுபடி அளந்தால் அவர்கள் சராசரியை நோக்கிக் கொஞ்சம் ஏறுவார்கள். நம்பகத்தன்மை 0.84 உள்ள சோதனையில் 64 வாங்கிய பிள்ளையின் உண்மை மதிப்பெண்ணுக்கு நல்ல மதிப்பீடு கேட்டால், சூத்திரம் 69.8 என்கிறது. கோட்டின்மேல் கால் வைத்து நிற்கிற எண். அதுவும் அந்தப் பிள்ளையை எல்லாப் பிள்ளைகளின் சராசரியான 100ஐ நோக்கி இழுத்தால். சிறப்புப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளையை எந்தக் கூட்டத்தின் சராசரியை நோக்கி இழுப்பது? இதற்குச் சூத்திரம் பதில் சொல்லாது. எங்கிருந்து வந்த பிள்ளை, ஏன் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

உலகத்தின் வேறொரு மூலையில் இதே 70 ஒரு மனிதனின் உயிரோடு பிணைந்திருந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. ஃபுளோரிடா மாநிலம் அதற்கு 70 என்று கோடு போட்டு, அதற்கு ஒரு புள்ளி மேலே போனாலும் மற்ற சான்றுகளைப் பார்க்கவே முடியாது என்று வைத்திருந்தது. ஃபிரெடி லீ ஹால் என்ற கைதி 71 வாங்கியிருந்தார். நாற்பது வருஷத்தில் அவருக்கு ஒன்பது முறை சோதனை நடந்து, 60 முதல் 80 வரை வந்திருந்தது. 2014 மே மாதம் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அளவீட்டுப் பிழையைக் கணக்கில் எடுக்காத கோடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. மதிப்பெண் என்பது ஒரு புள்ளி அல்ல, ஒரு வீச்சு என்று நீதிபதிகளே எழுதியிருந்தார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்த நாளில் 2009ஆம் வருஷத்துப் பெண்பிள்ளையின் 71 என் கண்முன் நின்றது. அதே எண்.

இதுவரைக்கும் சொன்னது இங்குமங்கும் ஆடுகிற பிழை. ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், பல தரம் பார்த்தால் ஓரளவு அடங்கும். ஆடாத பிழை ஒன்று உண்டு. அதை எங்கள் அப்பாயி எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்.

அப்பாயி நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர். அவர் காலத்தில் கூலி நெல்லாகத்தான். சில மிராசுதார் களங்களில் இரண்டு மரக்கால் இருக்கும் என்பார். வாங்குவதற்குப் பெரிய மரக்கால், கூலி அளப்பதற்குச் சின்ன மரக்கால். சின்ன மரக்காலில் எத்தனை தரம் அளந்தாலும் ஒரே அளவுதான் வரும், ஒரு மணி கூடக்குறைய வராது. நம்பகத்தன்மை என்று பார்த்தால் அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ‘ஆறு மரக்கால்’ என்று எண்ணிக் கொடுத்தது வீட்டுக்கு வந்து அளந்தால் ஐந்துகூடத் தேறாது. எண் பெரிதாகவும் நெல் குறைவாகவும் இருக்கும். முத்திரை மரக்காலில் அளக்க வேண்டும் என்பது கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்களின் பழைய கோரிக்கைகளில் ஒன்று. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் வந்து சங்கம் கட்டிய காலத்தில் அளவையும் ஒரு உரிமைப் பிரச்சினையாகவே இருந்தது.

எங்கள் பெட்டிக்குள்ளும் ஒரு சின்ன மரக்கால் இருக்கிறது. பினே-காமத் சோதனை 1930களில் வி.வி. காமத் கன்னடத்துக்கும் மராத்திக்கும் தழுவி அமைத்தது. மாலின் சோதனையை ஏ.ஜே. மாலின் நாகபுரியில் 1969இல் வெளியிட்டார். அன்றைக்கு இருந்த பிள்ளைகளை வைத்துத்தான் ‘இந்த வயதுக்கு இவ்வளவு’ என்று வகுத்தார்கள். ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் 1984இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு காட்டியது என்னவென்றால், பத்து வருஷத்துக்கு ஏறத்தாழ 3 புள்ளி வீதம் சராசரி ஏறிக்கொண்டே போகிறது. இங்கே அதே வேகமா என்று நான் சொல்லத் துணியவில்லை. ஆனால் பள்ளிக்கூடமே போகாத பிள்ளைகள் நிறைந்திருந்த காலத்து அளவை எடுத்து, அங்கன்வாடியில் மூன்று வயதிலேயே வண்ணமும் வடிவமும் கற்ற பிள்ளையை அளந்தால் எண் உப்பித்தான் வரும். 66 ஆக வேண்டியது 72 ஆகும். எண் பெரிதாகி, பிள்ளைக்குக் கிடைப்பது குறையும். மரக்கால் கதைதான்.

மொழியும் அப்படியே. கேள்விகள் ஆங்கிலத்திலோ வேறு மொழியிலோ இருக்கும், ஒவ்வொருவரும் அவரவர்க்குத் தெரிந்த தமிழில் மாற்றிக் கேட்கிறோம். நான் கேட்கிற தமிழ் ஒன்று, மயிலாடுதுறையில் இன்னொருவர் கேட்கிற தமிழ் ஒன்று. சோதனைக் கேள்விகளை வெளியே எழுதுவது தொழில் தர்மம் இல்லை, அதனால் நானே ஓர் உதாரணம் கட்டிச் சொல்கிறேன். ‘லிஃப்ட் எதற்கு?’ என்று கேட்டால் எங்கள் பிள்ளை விழிக்கும். விதைத்தல், நாற்றுப் பறித்தல், நடுதல், அறுத்தல் என்று நான்கு படத்தைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொன்னால் ஐந்து வயதிலேயே அடுக்கிவிடும். சென்னையில் வளர்ந்த பிள்ளை நாற்றுக்கட்டைப் பார்த்து விழிக்கும். யாருக்கு அறிவு குறைவு?

இனி நான் சொல்லப்போகிற பையனை 2013 ஜனவரியில் முதன்முதலில் பார்த்தேன். கொள்ளிடம் முகத்துவாரத்துப் பக்கத்து மீனவக் கிராமம். பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 2004 மே மாதம். கணக்குக்கு எட்டு வயது எட்டு மாதம், மொத்தம் 104 மாதம். பினே-காமத் சோதனையில் மன வயது ஐந்து வருஷம் பத்து மாதம் வந்தது, அதாவது 70 மாதம். எழுபதை நூற்றுநான்கால் வகுத்தால் 67. சான்றிதழ் கிடைக்கும்.

அறிக்கையை எழுதிக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டேன், “சுனாமி அப்ப இவன் கைக்குழந்தையாம்மா?”

“இல்ல மேடம், வயித்துல இருந்தான். மண்டபத்துலதான் எல்லாரையும் தங்க வச்சிருந்தாங்க. பொங்கலே வைக்கல அந்த வருஷம். பொங்கலு போயி பத்தாம் நாளு பொறந்தான்.”

2005 ஜனவரிக் கடைசி. பள்ளியில் சேர்க்கும்போது ஐந்து வயது நிரம்ப வேண்டும் என்று எட்டு மாதம் கூட்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு நடப்பது. ஜூன் மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்த பிள்ளைகள் பள்ளிப் பதிவேட்டில் ஏன் இவ்வளவு பேர் என்று பார்த்தாலே தெரியும். அவன் உண்மை வயது எட்டு, 96 மாதம். எழுபதைத் தொண்ணூற்றாறால் வகுத்தால் 73. சான்றிதழ் கிடைக்காது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சோதனையில் அந்த வயதுக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் ஆறு கேள்வி, ஒரு கேள்விக்கு இரண்டு மாதம். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டு புள்ளி ஏறும், சொல்லாவிட்டால் இரண்டு புள்ளி இறங்கும். இதற்கு மேல் சோதனைக்கே சம்பந்தமில்லாத ஒரு தலைமையாசிரியர் என்றைக்கோ போட்ட தேதி ஆறு புள்ளியை நகர்த்துகிறது. அந்த ஆறு புள்ளி எந்த நம்பகத்தன்மை எண்ணிலும் வராது. எந்தக் கையேட்டிலும் இருக்காது.

சட்டப்படியான தேதியை வைத்து எழுதுவதா, தாய் சொன்னதை வைத்து எழுதுவதா? முதலாவது, பிள்ளைக்கு உதவும். இரண்டாவது எனக்கு உண்மை என்று தெரிந்தது. அன்றைக்கு எடுத்த முடிவைத்தான் இன்றுவரை எல்லா அறிக்கையிலும் கடைப்பிடிக்கிறேன். இரண்டையும் எழுதினேன். திட்டப்பிழை 5 என்று வைத்தேன். சோதனைக்குச் சாதகமாகவே வைத்த எண் அது. பதிவேட்டுத் தேதிப்படி 57 முதல் 77 வரை, தாய் சொல்லும் தேதிப்படி 63 முதல் 83 வரை. இரண்டு வீச்சுக்குள்ளும் 70 இருக்கிறது, எனவே இந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கோட்டின் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு பக்கத்துக்குப் பையனைப் பற்றி எழுதினேன். சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. பத்து ரூபாய் கொடுத்து அனுப்பினால் கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வருவான், மிச்சம் கேட்கத் தெரியாது. அலை அதிகமாக இருக்கிற நாளில் கடல் பக்கம் போகக்கூடாது என்று புரியவில்லை. மழையில் நனைந்தால் ஒதுங்க வேண்டும் என்பதைக்கூட யாராவது சொல்ல வேண்டும்.

மருத்துவக் குழுவில் இருந்த ஒருவர் அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தார். 50 சதவீதம் என்று முடிவெடுத்தார்கள்.

எல்லா இடத்திலும் இப்படிப் படிக்க மாட்டார்கள். “ஒரு எண்ணு கேட்டா ரெண்டு எண்ணு குடுக்குறீங்களே மேடம், நாங்க எதைப் பதியுறது?” என்று ஒரு முகாமில் கேட்டார்கள். கேட்டவருடைய நிலைமையும் எனக்குப் புரிகிறது. கணினியில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. ஆனால் கட்டம் ஒன்று என்பதற்காகப் பிள்ளையை ஒரு புள்ளியாக நான் சுருக்கக் கூடாது. கட்டத்தில் ஒரு எண்ணை எழுதுகிறேன், பக்கத்திலேயே வீச்சையும் எழுதுகிறேன், தூங்கினானா, சாப்பிட்டானா, மாத்திரை போட்டானா, காதில் சீழ் இருக்கிறதா, என்ன மொழியில் கேட்டேன், என்ன மாதம் என்றெல்லாம் எழுதுகிறேன். கோட்டுக்குப் பக்கத்தில் வந்தால் வேறொரு நாள், வேறொரு கருவியோடு, முடிந்தால் வேறொருவரை வைத்து மறுபடி பார்க்கச் சொல்கிறேன். பஸ் செலவு தாங்காத குடும்பங்களுக்கு நானே போகிறேன். இந்தத் துறைக்கு வரும் இளம்பிள்ளைகளிடம் கடுமையாகவே சொல்வேன்: வீச்சு எழுதாத அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தப் பையன் 2023 பிப்ரவரியில் மறுபடி வந்தான். பதினெட்டு வயது நிரம்பியவுடன் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், இந்தத் தடவை கொடுப்பது ஆயுள் முழுக்கச் செல்லும். மீசை அரும்பியிருந்தது. கதவில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். அவன் அம்மாவின் தலை நரைத்திருந்தது. பழைய கோப்பை மேல்தட்டில் வைத்திருந்ததால் வெள்ளத்துக்குத் தப்பியிருந்தது.

பினே-காமத் சோதனையில் மன வயது 130 மாதம். வகுக்கும் எண்ணைத் தேடிப் பிறந்த தேதியைப் பார்க்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வகுக்கும் எண் பதினாறிலேயே நின்றுவிடும், 192 மாதம். மே மாதம் பிறந்தவனுக்கும் அதே எண்தான், அந்தப் பொங்கலுக்குப் பத்தாம் நாள் பிறந்தவனுக்கும் அதே எண்தான். 68. வீச்சு 58 முதல் 78. வைன்லாந்துக்காக அவன் அம்மாவிடம் ஒன்றரை மணி நேரம் கேட்டேன், பெரியப்பாவிடம் தனியாகக் கேட்டேன். இப்போது வலை உலர்த்தப் போகிறான், மீன் கூடையை எடை பார்க்கத் தூக்கித் தருகிறான், மிச்சக் காசு கேட்க இன்னும் தெரியவில்லை.

“அப்ப இவனுக்கு எவ்வளவு மேடம்?”

“அம்பத்தெட்டுலேருந்து எழுபத்தெட்டுக்குள்ளம்மா.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க.”

“ஆமாம்மா.”

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவன் ஜன்னல் ஓரத்தில் நின்றான். பழைய பலகையைத் தூக்கிப் போட மனமில்லாமல் அங்கே சாத்தி வைத்திருந்தேன். அவன் அதைத் தரையில் படுக்கப் போட்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். நட்சத்திரத்தைக் குழியின் மேல் வைத்து அழுத்தினான், போகவில்லை. வேறு குழிக்குப் போகவில்லை அவன். உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து விட்டான். உட்கார்ந்துகொண்டது.